தேவையற்ற குறிகள்

ஒரு மணி ஆனதும் நாலாவது மாடியில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்கள், வசுமதி மட்டும் போகவில்லை. வரலியா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டாள். கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள், ஆனால் கேட்டிருக்கலாம். இரண்டு மணிக்குக் கூட்டம். அந்தக் கண்ணாடி அறைக்குள் ஜெபசிங்கை உட்காரவைத்து, முரளிதரன் சார் தன் வழுவழுப்பான குரலில் "வேற வழியில்ல ஜெபா" என்று ஆரம்பிப்பார், ஜெபசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான், திரும்ப மாட்டிக்கொள்வான், மூன்று மணிக்குள் அவன் மேஜை காலியாகிவிடும். ஒன்பது நாளாக இந்தக் காட்சியைக் கமர்கட்டுபோலக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தாள், கரைந்துவிடக் கூடாதென்று மெல்லவும் இல்லை. அந்த ருசியும் போதாமல்தான் பன்னிரண்டே முக்காலுக்குப் பழைய கணினி நிரல்களைத் தோண்டப் போனாள். இந்த ஒரு தப்போடு நின்றிருப்பானா அவன், பதினோரு வருஷமாகப் பார்க்கிறேனே, இன்னொன்று கிடைத்தால் "இதையும் ஒரு பார்வை பாத்துக்குங்க சார்" என்று ரொம்ப சாதாரணமாகச் சொல்லலாம், வருத்தத்தோடு சொல்வதுபோலக்கூடச் சொல்லலாம். தோண்டினாள். கிடைத்தது. ஒரே ஒரு வரி. அதற்கு மேலே எழுதியவர் கையாலேயே ஒரு குறிப்பு, தேவையற்ற குறிகளை நீக்கு என்று. அதற்குப் பக்கத்தில், எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில், வசுமதி என்று இருந்தது.

வேறு வசுமதியாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது, அப்படி ஒருத்தி இந்த அலுவலகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று தெரிந்தும் தோன்றியது. முந்நூறு பேர் வேலைசெய்யும் இடத்தில் மூன்று திவ்யாக்களும் நாலு பிரியாக்களும் இருக்கிறார்கள், வசுமதி ஒருத்திதான், பெயர் வைத்த அப்பாவின்மேல் திடீரென்று கோபம் வந்தது. ஒரு பிரியாவாகவே வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா. குளிர்சாதனப் பெட்டி தலைக்கு மேலே உர்ரென்று ஊதிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை, உள்ளே தக்காளிச் சாதம், மூடியிருந்தும் அதன் புளிப்பு வாசனை வந்து குமட்டியது. அந்த வரியைத் திரும்பப் படித்தாள். ஒரு விரல் நீளம்கூட இல்லை. எழுத்தையும் எண்ணையும் இடைவெளியையும் மட்டும் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் தூக்கிவிடு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், எத்தனை சுத்தமான வரி, படிக்கிற பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டலாம், எதற்காக எழுதினேன் என்று நினைவில்லை என்று சொல்ல முடியுமா, முடியாது, நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் செய்திகள். கோவையைச் சுற்றி நூல்மில் விடுதிகளில் தங்கியிருக்கிற பெண்கள் ஏதாவது கஷ்டமென்றால் போனிலிருந்து ஓர் எண்ணுக்கு எழுதி அனுப்பலாம். வருகிற செய்தியில் வலி, ரத்தம், மயக்கம், அடி, கொலை என்று எந்தச் சொல்லாவது இருந்தால் அது தானாகவே அவசரப் பட்டியலுக்குப் போய்விடும், கீழ்மாடி அறையில் மூன்று பெண்கள் அதைப் பார்த்து உடனே கூப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். மற்ற செய்திகளுக்கெல்லாம் உங்கள் செய்தி கிடைத்தது நன்றி என்று ஒரு பதில் போகும், வாரம் ஒருமுறை யாராவது பார்ப்பார்கள், பார்க்காமலும் இருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்கள் ஒழுங்காகவா எழுதுவார்கள். வலி என்று எழுதினால் வலியோடு நிறுத்தினால் என்ன, வலிக்குப் பின்னால் மூன்று காற்புள்ளி, ஐந்து ஆச்சரியக்குறி, வலியோடு அவை ஒட்டிக்கொண்டால் கணினி அதை வலி என்று அடையாளம் கண்டுகொள்ளாது. எரிச்சல். தலையில் அடித்துக்கொண்டே அவற்றைப் படித்தது நினைவிருக்கிறது, அழுகிறவளுக்கு எதற்கு ஏழு ஆச்சரியக்குறி, ஒன்று போட்டால் அழுகை குறைந்துவிடுமா என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்தவன் ஜெபசிங். அப்போது அவன் பக்கத்து மேஜை.

எல்லாவற்றையும் தூக்கினால் காற்புள்ளி போகும், ஆச்சரியக்குறி போகும், சரி. தமிழிலோ அந்த வரி அதோடு நிற்கவில்லை. கணினியைப் பொறுத்தவரை வ ஓர் எழுத்து, ஆனால் வ-வின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற கொக்கி எழுத்தில்லை, கொம்பு எழுத்தில்லை, கால் எழுத்தில்லை, மெய்யின் தலைமேல் இருக்கிற புள்ளி எழுத்தே இல்லை, எல்லாம் ஒட்டுக் குறிகள், தேவையற்றவை. இது அவளுக்குத் தெரியும். இன்றைக்குத் தெரியும், மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு வேலையில் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது தெரிந்துகொண்டது, ஆனால் இந்த வரிக்கு வயது நாலு. வலி உள்ளே போனால் வல என்று வெளியே வரும், அவசரச் சொற்களின் பட்டியலும் இதே வரி வழியாகத்தான் போகிறது, அங்கேயும் வலி வல-தான். வேலை உள்ளே போனாலும் வல. விலையும் வல, வலையும் வல, வாலும் வல. இப்போது நிறுத்த முடியவில்லை, மூளை அதன்பாட்டுக்கு ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதன் கொம்பை ஒடித்துக் காலை முறித்துப் போட்டுக்கொண்டே இருந்தது, பசியும் பச பேசுவும் பச, செல்வியும் சலவ சலவையும் சலவ, காலையும் கல கொலையும் கல, அய்யோ, காலை வணக்கம் என்று அனுப்பினவர்களெல்லாம் கொலைப் பட்டியலிலா வந்து நின்றிருப்பார்கள், நாலு வருஷமாகவா. கீழ்மாடிப் பெண்கள் அதனால்தான் சிரித்திருக்கிறார்கள், உங்க மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்க என்று லிஃப்டில் வைத்து ஒருத்தி சொன்னாளே, அதற்கு நான் என்ன சொன்னேன், உங்களுக்கு ஓட்டத் தெரியல என்று சொன்னேன். திரையில் செய்தி முழுதாகத்தான் தெரியும், கொம்போடும் காலோடும், உடைந்த சொற்கள் உள்ளே ஓடுகிறவை, அவற்றை யாரும் பார்ப்பதில்லை. மில்லில் இருக்கிறவள் வேலை என்று எழுதாமல் வேறு எதை எழுதுவாள். நாளைக்கு வேலை உண்டா, வேலை முடியல, வேலை வேண்டாம் ஊருக்குப் போறேன், எல்லாமே வலி என்று அவசரப் பட்டியலில் போய்க் குவிந்திருக்கிறது. குவிந்து குவிந்து கீழ்மாடிப் பெண்கள் கத்தியிருக்கிறார்கள், அந்தக் கத்தல் குழுத்தலைவர் என்ற முறையில் ஜெபசிங்கிடம் போயிருக்கிறது, அவன் உள்ளே பார்த்திருக்கிறான், வல வல வல என்று அர்த்தமில்லாத ஏதோ ஒன்று ஆயிரக்கணக்கில் வந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது, குப்பை என்று நினைத்து ஏப்ரல் மாதம் வல-வைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டான். கீழ்மாடியில் அன்றைக்குக் கைதட்டினார்களாம்.

அதற்குப் பிறகு முத்துப்பேச்சி. போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்துநாலு வயது, காலை ஷிப்ட் முடித்து விடுதிக்கு வந்து படுத்தவள். நாலு தடவை எழுதியிருக்கிறாள், நாலு தடவையும் உங்கள் செய்தி கிடைத்தது நன்றி என்று பதில் போயிருக்கிறது. குடல்வால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவி, உடன் தங்கியிருந்த பெண்கள் ஷிப்ட் விட்டு வந்து பார்த்தபோது பேச்சில்லை. பிழைத்துக்கொண்டாள், ஆறு நாள் தீவிரச் சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள், இரண்டு தரம் வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். விசாரித்தபோது அகப்பட்டது ஏப்ரல் மாதத்துப் பட்டியல், வலியைக் கண்டுகொள்ளாதே என்று எழுதிவைத்த மகாபாவி யார், ஜெபசிங். அவன் ஏதோ சொல்லப் பார்த்தான், "அது வலின்னு இல்ல சார், கீழ வேலை வேலைன்னு வந்துட்டே இருந்துச்சு" என்றான், யாருக்கும் புரியவில்லை, வசுமதிக்கும் புரியவில்லை, புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள், சிரிப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாதே.

தேதி போட்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய மார்ச் பதினாலு, வியாழக்கிழமை, மாலை நாலு பன்னிரண்டு. அன்றைக்கு எனக்கு என்ன. என்னமோ இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷமா, இல்லை, அது அதற்கடுத்த ஆடி மாதம். புருஷன் லோகநாதனோடு சண்டையா, அவனோடு எந்தத் தேதியில்தான் சண்டை இல்லை, ஆனால் அந்த மார்ச் மாதம் அவன் ஹைதராபாத்தில் இருந்தான், வீடு நிம்மதியாக இருந்தது. காய்ச்சலா. மாதவிலக்கா. கைபேசியை எடுத்து அந்தத் தேதியின் படங்களைத் தேடினாள், ஒரு சாவு கிடைக்காதா, ஒரு விபத்து, ஒரு பல்வலியாவது. படம் கிடைத்தது. மேஜைமேல் ஒரு தட்டு, தட்டில் ஜிலேபி, யாருக்கோ பிறந்தநாள், வசுமதி ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள், கன்னம் உப்பியிருக்கிறது, படத்தின் நேரம் மூன்று ஐம்பது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஓங்கி ஒன்று விடலாம்போல் இருந்தது. நல்ல நாள். அவள் ஞாபகத்தில் உள்ள மிக நல்ல நாட்களில் ஒன்று என்றுகூடச் சொல்லலாம், ஒரு குறையும் இல்லை, ஜிலேபிப் பாகு ஒட்டின விரலைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் இதை எழுதியிருக்கிறாள், ஐந்து ஆங்கில வாக்கியத்தைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், ஐந்தும் சரியாக வந்திருக்கின்றன. தமிழில் ஒன்று போட்டுப் பார்க்கவில்லை. தமிழில் வருகிற செய்திக்குத் தமிழில் ஒன்று போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவளுக்கு. சோம்பலா, சோம்பலில்லை, அவசரமா, அவசரமும் இல்லை, நாலு பன்னிரண்டுக்கு என்ன அவசரம், பஸ் ஆறு மணிக்கு. ஒரு காரணமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது, லோகநாதன். "எலெக்ட்ரீசியன் வந்தானா..." மூன்று புள்ளி. எந்தச் செய்தியானாலும் கடைசியில் மூன்று புள்ளி வைப்பான், சாப்டியா மூன்று புள்ளி, லேட்டாகும் மூன்று புள்ளி, என்னமோ சொல்ல வந்து பெருந்தன்மையாக விட்டுவிட்டதுபோல. பதினைந்து வருஷமாக அந்த மூன்று புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று யோசித்தே பாதி ஆயுள் போயிற்று, ஒன்றும் இல்லை என்று இப்போது தெரியும். வரவில்லை என்பதை வல்ல என்று தட்டி அனுப்பினாள், கோபத்தில், அப்புறம்தான் பார்த்தாள், உதறிக்கொண்டு போனைக் கவிழ்த்துவைத்தாள். யாருக்கும் தெரியாது. அதைத்தான் யோசிக்க வேண்டும், யாருக்கும் தெரியாது. ஏப்ரலோடு விசாரணை முடிந்துவிட்டது, அதற்கு முன்னால் நாலு வருஷம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முரளிதரன் சாருக்கு அறிவும் கிடையாது பொறுமையும் கிடையாது, அவருக்கு வேண்டியது ஒரு ஆள், கிடைத்துவிட்டான். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருப்பது பொய்யாகுமா. அவன்மட்டும் என்ன யோக்கியன், மூன்று வருஷத்துக்கு முன் என் இடத்தைப் பறித்தானே, முரளிதரன் சார் முன்னால் வைத்து வசுமதிக்கு வேகம் இருக்கு சார், பொறுமைதான் இல்ல என்று சொன்னானே, சிரித்துக்கொண்டே சொன்னான், அந்த ஒரு சொல்லில் குழுத்தலைவர் நாற்காலி அவன்பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அவனை நீ என்று கூப்பிட்டதில்லை. நீங்க, சொல்லுங்க, சரிங்க என்றே மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறாள், கொங்குநாட்டில் அந்த ங்க-வை வைத்து ஒருத்தனைச் சாகடிக்க முடியும், அவன் நாகர்கோவில்காரன், அவனுக்கும் அது புரியத்தான் செய்தது. பொறுமை இல்லை. சொல்லட்டும், இப்போது சொல்லட்டும். திரையைக் கொஞ்சம் கீழே தள்ளினாள், அப்போதுதான் அந்த வரிக்கு அடியில் சரிபார்த்தவர் என்ற கட்டத்தைக் கவனித்தாள். ஜெபசிங். நாலு பதினைந்து.

ஒரு நொடி நெஞ்சு அப்படியே குளிர்ந்தது, அடடா, நீயும் இருக்கிறாயா உள்ளே. மூன்று நிமிஷத்தில் சரியென்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் சரிபார்க்க மூன்று நிமிஷமா ஆகும், போனால் இரண்டு பேருமாகத்தான் போவோம், நல்லது, தனியாகப் போகமாட்டேன். அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சரிபார்த்தவர் குறிப்பு என்ற இடத்தில் அவன் எழுதியிருந்ததைப் படித்தாள். வசு எழுதினா சரியாத்தான் இருக்கும். அவ்வளவுதான் எழுதியிருந்தான். வசு என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதை அவள் சுத்தமாகத் துடைத்துப் போட்டிருந்தாள், இப்போது படித்தபோது அவமானமாக இருந்தது, அவன் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம், நம்பித் தொலைத்திருக்கிறானே. சனியன். நம்பச் சொல்லி யார் கேட்டது. பார்ப்பதுதானே உன் வேலை, நம்புவதா உன் வேலை. தக்காளிச் சாதத்தை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டலாம் என்று எழுந்தாள், கொட்டவில்லை, தண்ணீர் பிடிக்கிற இடம்வரை நடந்தாள். அங்கே ஜெபசிங் நின்றிருந்தான்.

சாப்பிடப் போகவில்லைபோல. ஒன்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. அவனைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள், திரும்பினால் பயந்ததாகிவிடும், டம்ளரை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்தாள்.

"சாப்பிடலியா?" என்றான்.

"பசிக்கலீங்க."

"ரெண்டு மணிக்கு நீயும் இருக்கணுமாம், முரளி சொன்னார்."

"சொன்னாருங்க."

அவன் நகரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ கேட்கப்போகிறவனைப்போல அல்ல, அவள் வாயிலிருந்து ஏதோ வரக் காத்திருக்கிறவனைப்போல. தண்ணீர் டம்ளர் நிறைந்து வழிந்து கையெல்லாம் நனைந்தது. "ரொம்பிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியுமா இவனுக்கு. தெரிந்தால் சொல்லியிருப்பானே. எவன் சொல்லாமல் இருப்பான், கழுத்தில் கத்தி இருக்கும்போது. தெரியாது. தெரிந்திருக்காது. விசாரித்த அன்றைக்கே இவனுடைய அனுமதிகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள், நிரலைத் தொட முடியாது, ஆனால் பார்க்க முடியும், பார்ப்பதை யாரும் பிடுங்கவில்லை. தெரியாது. மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, கூட்டத்தில் எப்படிப் பேசாமல் இருப்பது என்று பழகிப் பார்த்தாள், கையை எங்கே வைத்துக்கொள்வது, கண்ணை எங்கே வைத்துக்கொள்வது, முரளிதரன் சார் நீ என்னம்மா நினைக்கறே என்று கேட்டால் துரதிர்ஷ்டம் சார் என்று சொன்னால் போதுமா, இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், துரதிர்ஷ்டம் சார், நன்றாகத்தான் வந்தது.

இரண்டு மணிக்குக் கண்ணாடி அறையில் மூன்றே பேர். முரளிதரன் சார் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாரையும் காயப்படுத்த நான் விரும்பல" என்று ஆரம்பித்தார். கடிதம் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது, எல்லோரும் கேட்டுவிடுவது நியாயம் என்றார். தட்டினார். முதலில் ஏதோ இயந்திரத்தின் பீப் பீப். பிறகு மெலிந்த, தண்ணீர் வற்றின ஒரு குரல், யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாக. "நாலு மட்டம் போட்டேன்க்கா. மொத மட்டம் வயிறு வலின்னு மட்டும்தான் போட்டேன். நன்றின்னு வந்துச்சு. எதுக்கு நன்றின்னு வெளங்கல. பெறவு அந்தக் குச்சியும் புள்ளியுமா ஒண்ணு இருக்கும்லா, அத வரிசையா அமுக்கிக்கிட்டே இருந்தேன், வேற ஒண்ணும் எழுத முடியல, கை நடுங்குது, அப்பயாவது யாராவது பாக்க மாட்டாவளான்னு." ஆச்சரியக்குறி. அவ்வளவுதான், பதிவு நின்றுவிட்டது. முரளிதரன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தை ஜெபசிங் பக்கம் நகர்த்தினார். ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், ஒன்பது நாளாக அவள் பார்த்துவைத்திருந்த அதே காட்சி, ஓர் அணுவும் பிசகவில்லை, அதில் ஒரு துளி ருசி இல்லை. துரதிர்ஷ்டம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த வரி என்னோடதுங்க சார்."

"எந்த வரி?"

சொன்னாள். நன்றாகச் சொல்லவில்லை, முன்னுக்குப்பின் முரணாக, கொம்பு கால் புள்ளி என்று கையால் காற்றில் போட்டுக் காட்டி, வலி, வேலை என்று மேஜையில் கிடந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி அடித்து அடித்துக் காட்டிச் சொன்னாள். முரளிதரன் சாருக்கு முதலில் புரியவில்லை, புரிந்தபோது இந்தச் சனியனை ஏன் இப்போது எடுத்தாய் என்பதுபோல அவளைப் பார்த்தார். ஜெபசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "செவ்வாக்கிழமையே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றார் முரளிதரன் சார்.

"நீ சொல்றியான்னு பாத்துட்டிருந்தேன்" என்றான், வசுமதியைப் பார்த்து.

அவன் குரலில் ஓர் இரக்கமும் இல்லை, வெறுப்பு, அவள் அவனிடம் வைத்திருந்த அதே அளவு, ஒரு குண்டுமணி கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அவன் மன்னித்திருந்தால் அந்த மேஜையைத் தூக்கி வீசியிருப்பாள். "நீயும்தானே கையெழுத்துப் போட்டே, மூணே நிமிஷத்துல" என்றாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு நீ என்று வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள். "போட்டேன்" என்றான் ஜெபசிங். "நம்பிப் போட்டேன். என் தப்பு." முரளிதரன் சார் இரண்டு கையையும் தூக்கி, இது மேலிடத்துக்குப் போகவேண்டிய விஷயம், இரண்டு பேரும் எழுத்தில் கொடுங்கள், நாளைக்குப் பேசுவோம் என்று எழுந்தார். அப்போதுதான் வசுமதிக்கு உறைத்தது, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை.

"சார், அந்த வரியை யாராச்சும் மாத்துனாங்களா?"

"அதான் ஏப்ரல்ல போட்டதை எடுத்தாச்சே."

"அதில்லீங்க. என் வரி. அது இன்னும் ஓடிட்டிருக்கு."

ஒன்பது நாள். யார் தப்பு என்று ஒன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏப்ரல் பட்டியலை எடுத்ததும் வல எல்லாம் திரும்ப அவசரப் பட்டியலில் வந்து கொட்டிக்கொண்டிருந்தது, கீழ்மாடியில் இன்றைக்கு மட்டும் முந்நூற்று நாற்பது, மூன்று பெண்கள், அதில் எது வேலை எது வலி. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேஜைக்கு ஓடினாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டது, ஜெபசிங், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தான், அவன் தொட முடியாது, சொல்ல மட்டும் முடியும். "ஒட்டுக்குறியையும் எழுத்தாட்டம் எடுத்துக்கன்னு சொல்லு" என்றான். "தெரியும்" என்றாள். "தமிழ்ல போட்டுப் பாரு." "தெரியும்னு சொன்னேன்ல." போட்டுப் பார்த்தாள். வலி,,,!!! என்று போட்டாள், வலி என்று வந்தது, கொக்கியோடு. வேலை என்று போட்டாள், வேலை. ஒன்பது நிமிஷம் ஆயிற்று எல்லாம் முடிய. பிறகு அவன்தான் சொன்னான், மெதுவாக, "ஏப்ரல்லேர்ந்து வந்ததை மறுபடி ஓட்டு." அவளுக்குக் கை வரவில்லை. ஓட்டினாள். திரையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. அறுபத்தொன்று. முத்துப்பேச்சி அறுபத்தொன்றில் ஒருத்தி, மற்ற அறுபது பேர் யாரென்றே இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது, அறுபது பேருக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முரளிதரன் சார் தன் அறையிலிருந்து யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், சாப்பிடப் போய் எப்போதோ திரும்பியிருந்தவர்கள் எல்லோரும், இவர்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். ஜெபசிங் தன் சொந்தக் கைபேசியை எடுத்தான், பட்டியலின் கடைசியிலிருந்து ஆரம்பித்தான். வசுமதி முதல் எண்ணை அழுத்தினாள், ஏப்ரல் இருபத்தொன்று, முதுகு வலி எழுந்திரிக்க முடியல என்று எழுதினவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடக் கூடாதா என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டாள், எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க?"

"நான் உதவி எண்லேர்ந்து பேசறேங்க. ஏப்ரல் மாசம் முதுகு வலின்னு ஒரு மெசேஜ் போட்டிருந்தீங்க..."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம், ஒரு குழந்தை அழுதது.

"இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு?" என்றது அந்தக் குரல். "நாலு மாசங் கழிச்சுக் கூப்பிட்டு வலிக்குதான்னு கேக்கறியா? மனுசங்களாடி நீங்கல்லாம்? நான் செத்திருந்தா யாருகிட்டக் கேப்பே?"

அவளிடம் விளக்கம் இருந்தது, தெளிவான விளக்கம், கொம்பும் காலும் புள்ளியும் எப்படிப் போயின என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். "ஆமாங்க" என்றாள். "இப்பத்தானுங்க கூப்பிடறேன். இப்ப எப்படி இருக்குது உங்களுக்கு?"

திட்டு மறுபடி ஆரம்பித்தது, மூச்சுவிடாமல், அவளை, அவள் அப்பன் ஆத்தாளை, அவள் வாங்கித் தின்கிற சோற்றை. வசுமதி காதிலிருந்து போனை எடுக்கவில்லை.